வெயிலில் நிற்கிற காருக்கு நீடிக்கிற வாக்ஸ்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"ரொம்ப நாள் நிற்கிற வாக்ஸ் எது?" என்று யாராவது கேட்டால், பிராண்ட் பெயர் சொல்வதற்கு முன்னால் நான் மூன்று கேள்வி கேட்பேன். கார் பகலில் எங்கே நிற்கிறது? எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? தினமும் காலையில் அதைத் துடைப்பது யார்? டப்பாவின் மேல் "12 மாதம்" என்று அச்சடித்த கம்பெனிக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடத் தெரியாது. மூடிய ஷெட்டில் நிற்கிற காரும், வேளச்சேரியில் அபார்ட்மென்ட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிற காரும் ஒரே நாளில் ஒரே வாக்ஸைப் பூசிக்கொண்டாலும், முதல் காரில் நிற்கிற காலத்தில் பாதிகூட இரண்டாவது காரில் அது தாங்காது. நான் சென்னை வெயிலையும் போர் தண்ணியையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கடலோர ஊர் எதுவானாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு

கடைக்காரரே "வாக்ஸ் பாலிஷ்" என்று ஒரே மூச்சில் சொல்வார். இரண்டும் செய்கிற வேலை வேறு. பாலிஷில் மிக நுண்ணிய உராய்வுத் தூள் இருக்கும், அது பெயின்ட்டின் மேல்பரப்பைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துப் பளபளப்பைக் கொண்டுவரும். வாக்ஸ் எதையும் எடுக்காது, மேலே ஒரு மெல்லிய படலமாக உட்காரும், அவ்வளவுதான். இது ஏன் முக்கியம் என்றால், இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் இருக்கிற கிளியர் கோட் என்கிற நிறமில்லாத படலம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் கொஞ்சம் போகிறது, போனது திரும்ப வராது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் "ரப்பிங் பாலிஷ்" என்று ஒரு வரியை பில்லில் சேர்க்க விடாதீர்கள். கோடுகள் கண்ணை உறுத்துகிற அளவுக்கு வந்த பிறகு, சில வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

"டெஃப்லான் கோட்டிங்" என்று ஒன்றையும் விற்பார்கள். டெஃப்லான் என்று நாம் சொல்கிற பி.டி.எஃப்.இ உருகுவதே 327 டிகிரி செல்சியஸில். தோசைக்கல்லில் அதை அந்த அளவு சூட்டில் வைத்துத்தான் பிடிக்க வைக்கிறார்கள், கார் பெயின்ட்டை அப்படிச் சுட முடியாது. அந்தப் பெயர் கொண்ட பொருளெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், என்ன பொருள் போடுகிறார்கள், பாட்டிலைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

வாக்ஸிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவும்போது சீக்கிரம் விட்டுப்போகும், பறவை எச்சம், பூச்சி, மரப்பிசின், உப்பு இவையெல்லாம் நேராகக் கிளியர் கோட்டைத் தொடாமல் கொஞ்ச நேரம் தடுக்கும். கோடு விழுவதை வாக்ஸ் தடுக்காது. கல் அடிப்பதைத் தடுக்காது. வெயிலில் நிறம் மங்குவதையும் பெரிதாகத் தடுக்காது, அந்த வேலைக்குக் கிளியர் கோட்டிலேயே மருந்து கலந்திருக்கிறார்கள், அதற்கு மேல் நிழலை அடித்துக்கொள்ள எந்த டப்பாவாலும் முடியாது.

கடையில் என்னென்ன கிடைக்கும்

பழைய ராஜா கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில், பியாவி, சியாரா மாநிலங்களில் வளர்கிற ஒரு பனை வகை இருக்கிறது, வறண்ட காற்றில் ஈரம் போகாமல் இருக்க அதன் ஓலை மேல் மெழுகு சுரக்கும், அந்த ஓலையைக் காயவைத்துத் தட்டி எடுப்பதுதான் கார்னோபா. மாத்திரைகளுக்கு மேல் பூசுவதும், ஷூ பாலிஷில் கலப்பதும் இதே மெழுகுதான். 82 முதல் 86 டிகிரியில் உருகும், இயற்கை மெழுகுகளில் இது ரொம்ப அதிகம், தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும். இங்கேதான் டப்பாவின் வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். "100 சதவீத கார்னோபா" என்று போட்டிருந்தால், உள்ளே சேர்த்த கார்னோபா கலப்படமில்லாதது என்றுதான் அதற்கு அர்த்தம். டப்பா முழுக்கக் கார்னோபா இருக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் சுத்தக் கார்னோபா விரல் நகம் இறங்காத அளவுக்குக் கெட்டியான கட்டி, அதைக் காரில் தேய்க்கவே முடியாது. எண்ணெயும் கரைப்பானும், சிலவற்றில் தேன்மெழுகும் சேர்த்துத்தான் பேஸ்ட் ஆக்குகிறார்கள். சேர்த்ததெல்லாம் சூட்டுக்கு இளகும். மே மாதம் மதியம் கறுப்புக் கார் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், ஒரு வினாடி தாங்காது. அந்தச் சூட்டில் சாதாரணக் கார்னோபா பேஸ்ட் இங்கே ஒரு மாதம், ஒன்றரை மாதம் நின்றாலே நல்ல உழைப்பு. ஆனால் கறுப்பு, அடர் சிவப்பு, நீல நிறங்களில் அது தருகிற ஆழமான பளபளப்பு தனி அழகுதான். வெளியே நிற்காத காருக்கு, கையால் பூசித் துடைக்கிற வேலையே பிடித்தவர்களுக்கு, நான் மனதார இதைச் சொல்வேன்.

அடுத்து சீலன்ட் என்கிற செயற்கைப் பாலிமர். பெரும்பாலும் சிலிக்கோன் வகைப் பாலிமர்கள், பெயின்ட்டோடு கொஞ்சம் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், சூட்டுக்கு இளகாது. இங்கத்திய நிலைமையில் ஒழுங்காகப் பூசினால் மூன்று நான்கு மாதம் எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது இரண்டும் கலந்தது, கார்னோபாவோடு பாலிமர் சேர்த்த வாக்ஸ்கள். நீடிப்பு என்று வந்தால் கார் ஆர்வலர்கள் பல வருஷமாகத் திரும்பத் திரும்பச் சொல்கிற இரண்டு மூன்று பெயர்கள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து யூட்டிக்காவில் 1936 முதல் வாக்ஸ் செய்துவரும் காலினைட் கம்பெனியின் 845, 476எஸ் இரண்டும் அதில் சேர்த்தி. 845 திரவம், அதன் பெயரே இன்சுலேட்டர் வாக்ஸ், மின்கம்பிகளைத் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டர்களுக்குப் பயன்பட்ட சரக்கிலிருந்து வந்தது. 476எஸ் பேஸ்ட், நீடிப்பில் 845ஐவிட ஒரு படி மேல், பூசுவதில் ஒரு படி கஷ்டம். ஜப்பானில் ஒசாகாவின் சாஃப்ட்99 கம்பெனி விற்கிற ஃபுஸ்ஸோ கோட் இன்னொன்று. அதில் வேலை செய்வது ஃப்ளோரின் சேர்ந்த பாலிமர். வெளிர் நிறக் கார்களுக்கு ஒன்று, அடர் நிறத்துக்கு ஒன்று என்று இரண்டு டப்பா வரும், மேலே 12 மாதம் என்றே எழுதியிருக்கும். வெளியே நிற்கிற காருக்கு அதில் பாதி கிடைத்தாலும் கொடுத்த காசுக்கு மோசமில்லை.

நான்காவது, இப்போது எல்லாக் கடையிலும் முன்வரிசையில் நிற்கிற ஸ்பிரே செராமிக். டர்ட்டில் வாக்ஸ், மெகுயர்ஸ் கம்பெனிகள் இரண்டும் விற்கின்றன. சிலிக்கா வகைப் பொருள் கலந்த ஸ்பிரே இது, காரைப் பளபளப்பாக்கித் தருகிற டீட்டெய்லிங் கடையில் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிப் போடுகிற செராமிக் கோட்டிங்கோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பூச எளிது, தண்ணீர் முத்து முத்தாக ஓடும், நீடிப்பு நல்ல சீலன்ட் அளவுக்கு வரும். கழுவி முடித்து ஈரத்தோடு தெளித்து அலசிவிடுகிற வகைகளை மட்டும் போர் தண்ணீரில் பயன்படுத்தாதீர்கள், உப்பும் அதோடு சேர்ந்து உட்கார்ந்துவிடும்.

சரி, உங்களுக்கு எது?

வெளியே வெயிலில் நிற்கிறது, போர் தண்ணி, தினமும் ஒருவர் துடைக்கிறார் என்றால், இதுதான் சென்னையில் பெரும்பாலோர் நிலைமை, கலப்பு வாக்ஸில் 845 மாதிரி ஒன்றோ அல்லது ஒரு நல்ல சீலன்ட்டோ வாங்குங்கள். வருஷத்துக்கு மூன்று முறை போடத் தயாராக இருங்கள். முதல்முறை கையால் வாக்ஸ் போடுபவர்களுக்கு நான் 476எஸ், ஃபுஸ்ஸோ இரண்டையும் சொல்ல மாட்டேன், கொஞ்சம் தடிப்பாகப் பூசிவிட்டாலோ அதிக நேரம் காய விட்டாலோ துடைத்து எடுப்பதற்குள் தோள்பட்டை போய்விடும். கை கொஞ்சம் தவறினாலும் 845 பொறுத்துக்கொள்ளும். விலை ஆயிரத்தைத் தாண்டும்தான், ஆனால் 473 மில்லி பாட்டில், சின்ன ஹேட்ச்பேக்குக்கு ஒரு முறைக்கு 20, 30 மில்லிக்கு மேல் தேவைப்படாது, கணக்குப் போட்டால் ஒரு முறைக்கு ஆகிற செலவு பெரிதாக வராது.

அடித்தளப் பார்க்கிங்கில் நிற்கிற கார், வாரக் கடைசியில் நீங்களே கழுவுகிறீர்கள் என்றால் எது வாங்கினாலும் நன்றாக உழைக்கும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்க முடியாதவர்கள், கை வலி உள்ளவர்கள் ஸ்பிரேக்குப் போங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காகத் தெளித்துத் துடைக்கிற ஸ்பிரே, வருஷத்துக்கு ஒருமுறை போட்டுவிட்டு மறந்துபோகிற விலையுயர்ந்த டப்பாவைவிட எவ்வளவோ மேல்.

எந்த வகை என்று முடிவுக்கு வர முடியாமல் தவித்தால் பானெட்டின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று பூசிப் பாருங்கள். நண்பரிடம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு மாதம் கழித்து உங்கள் காரில், உங்கள் தண்ணீரில், உங்கள் தெருவில் எது நிற்கிறது என்று கண்ணால் பார்ப்பதைவிட நம்பகமான விமர்சனம் வேறு கிடையாது.

பூசுவதற்கு முன்

நீடிப்பில் முக்கால்வாசி இங்கேதான் முடிவாகிறது. அழுக்கின் மேல் பூசிய வாக்ஸ் அழுக்கைத்தான் பிடித்திருக்கும், அது போகும்போது வாக்ஸும் போகும்.

அதிகாலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ, நிழலில் கழுவுங்கள். பானெட் கையில் குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும். முதலில் வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி மண்ணை இறக்குங்கள், துணியைத் தொடவே கூடாது. அப்புறம் இரண்டு வாளி, ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து மேலிருந்து கீழே ஒரு பகுதியைத் தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். மண் எல்லாம் இரண்டாவது வாளியின் அடியில் தங்கும், எவ்வளவு தங்குகிறது என்று ஒருமுறை பார்த்தவர்கள் ஒற்றை வாளிக்குத் திரும்ப மாட்டார்கள். பாத்திரம் கழுவுகிற லிக்விட் வேண்டாம், சோப்புத் தூள் வேண்டவே வேண்டாம்.

கழுவிய பிறகு கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் விட்டு பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிகிற இடம் கவர் வழியாக மணல் காகிதம் மாதிரி நெருநெருக்கும். அது பிரேக் தூளிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறந்து வந்து பெயின்ட்டில் குத்திக்கொண்ட இரும்புத் துகள், மரப்பிசின், சிமென்ட், பெயின்ட் துளி. ஷாம்புக்கு அசையாது. இதற்குத்தான் கிளே பார், துகள்களை ஒட்டி இழுத்து எடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி. ஒரு நெல்லிக்காய் அளவு கிளேயைத் தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீரை நிறையத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஆரம்பத்தில் கரகரவென்று பிடித்துப் பிடித்துப் போகும், கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லாமல் வழுக்கும், அப்போது அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். கிளேயைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பாக அழுக்கு ஏறியிருக்கும், மடித்துப் புது முகத்தைக் கொண்டுவாருங்கள். கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், கதவு முழுக்கக் கோடு போட. வருஷத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு முறை கிளே போதும்.

கடைசி அலசலில்தான் போர் தண்ணி ஊர்க்காரர்கள் தோற்கிறார்கள். எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் அந்தத் தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்புப் புள்ளி வைத்துவிடும், கறுப்புக் காரில் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். கடைசி ஒரு வாளிக்கு மெட்ரோ வாட்டரோ மழைத் தண்ணியோ பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் இன்னும் நல்லது, காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, துணியில் வடிகட்டிச் சேர்த்துவைத்தால் போதும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

சுத்தமான மைக்ரோஃபைபரால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்து, கதவு இடுக்கு, கண்ணாடி இடுக்கிலிருந்து வழிகிற தண்ணீரையும் துடைத்துவிடுங்கள். பழைய வாக்ஸ், எண்ணெய்ப் பசை இருக்கும் என்று தோன்றினால் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலும் நல்ல தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து ஒருமுறை துடைக்கலாம். சீலன்ட் போடுபவர்கள் இதைத் தவிர்க்காதீர்கள், வெறும் பெயின்ட் கிடைத்தால்தான் அது ஒழுங்காகப் பிடிக்கும்.

பூசுவது

கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள், வைப்பர் அடிப்பகுதி, பம்பர் ஓரம் இவற்றுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அங்கே வாக்ஸ் பட்டால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போய் எடுக்கப் பெரும்பாடு.

பாட்டில் என்றால் நன்றாகக் குலுக்குங்கள். வட்டப் பஞ்சில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எடுத்தால் பானெட்டின் பாதிக்குப் போதும். எவ்வளவு மெல்லியதாகப் பூச வேண்டும் என்றால், பூசியிருக்கிறோமா இல்லையா என்று சாய்ந்து பார்த்தால்தான் தெரிய வேண்டும். நிறையப் பூசினால் நிறைய நாள் நிற்கும் என்பது எல்லோருக்கும் வருகிற எண்ணம், பெயின்ட்டைத் தொடுகிற படலம் மட்டும்தான் நிற்கும், அதற்கு மேல் இருப்பதெல்லாம் துடைக்கும்போது துணியோடு வந்துவிடுகிறது. ஒரு நேரத்தில் ஒரு பகுதி, பானெட் முடித்துத் துடைத்துவிட்டு ஃபெண்டர், அப்புறம் கதவு. காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு சுத்தமாகப் பளிச்சென்று வந்தால் துடைக்கலாம், ஈஷிக்கொண்டு வந்தால் இன்னும் கொஞ்சம் விடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் சில நிமிஷத்திலேயே தயாராகிவிடும். மழைக்காலத்தில், காற்றில் ஈரம் அதிகமான நாளில் நேரம் பிடிக்கும்.

துடைக்க இரண்டு மைக்ரோஃபைபர் வைத்துக்கொள்ளுங்கள், முதல் துணி வாக்ஸை எடுக்க, இரண்டாவது மீதிப் படலத்தை எடுத்துப் பளபளப்பாக்க. ஒர்க்‌ஷாப்பில் கிலோ கணக்கில் வாங்குகிற பனியன் வேஸ்ட் இதற்கு ஆகாது, அதிலிருக்கிற தையல் ஒவ்வொன்றும் கோடு போடும்.

இரண்டாவது கோட் கட்டாயம் போடுங்கள். தடிப்பு கூடும் என்பதற்காக இல்லை, முதல்முறை கை விட்டுப்போன இடங்கள் எப்போதும் இருக்கும், பம்பர் மூலை, கதவுக் கைப்பிடிக்குப் பின்னால், ரூஃபின் நடுப்பகுதி, இவற்றை இரண்டாவது கோட் மூடும். சில மணி நேரம், முடிந்தால் ஒரு நாள் இடைவெளி விடுங்கள், அன்று கார் நனையக் கூடாது. சீலன்ட் மேல் அழகுக்காகக் கார்னோபா போட ஆசைப்பட்டால் தாராளமாகப் போடலாம். அதைத் தலைகீழாகச் செய்யாதீர்கள், மெழுகின் எண்ணெய்ப் பசை மேல் சீலன்ட் பிடிக்காது.

எப்போது பூசுவது, எப்படிக் காப்பாற்றுவது

என் கணக்கு இது. செப்டம்பர் கடைசியில் ஒருமுறை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், அதையொட்டி ஆயுத பூஜையும் வரும். சந்தனமும் குங்குமமும் பானெட்டில் வைத்து இரண்டு மூன்று நாள் வெயிலில் காய விட்டால், வெள்ளைக் காரில் அந்த இடம் மஞ்சளாக நின்றுவிடுவதைப் பல கார்களில் பார்த்திருக்கிறேன். வாக்ஸ் இருந்தால் கறை பிடிப்பது குறையும். அப்படியிருந்தும் மறுநாளே ஈரத்துணியால் எடுத்துவிடுவது நல்லது, சாமி கோபித்துக்கொள்ளாது. அடுத்தது ஜனவரிக் கடைசியில், மழைச் சேறெல்லாம் போன பிறகு. மாமரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு இது ரொம்ப அவசியம், பூக்கிற சமயத்தில் தத்துப்பூச்சி சுரக்கிற தேன் மாதிரிப் பசை கார் முழுக்கப் பொட்டுப் பொட்டாக விழும், அதன் மேல் தூசி படிந்து கறுத்துப்போகும். மூன்றாவது, கத்திரி வெயில் முடிந்து ஜூனில். நாவல் மரத்துப் பக்கம் நிறுத்துபவர்களுக்கு அந்தச் சமயம் ஊதா நிறத்தில் பறவை எச்சம் விழும், அதைவிடப் பிடிவாதமான கறை எனக்குத் தெரிந்து இல்லை.

பறவை எச்சம் பற்றி ஒரு வார்த்தை. வாக்ஸ் இருக்கிறதே என்று விட்டுவைக்காதீர்கள். அது அமிலத்தன்மை உள்ளது, வெயிலில் பெயின்ட் சூடாகி விரிந்து இருக்கும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். வாக்ஸ் வாங்கித் தருவது சில மணி நேர அவகாசம்தான். காய்ந்துபோயிருந்தால் நகத்தால் சுரண்டாமல் ஈரத் துணியையோ நனைத்த டிஷ்யூவையோ மேலே போட்டு ஐந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, அப்படியே தூக்கி எடுங்கள். காருக்குள் ஒரு சின்னத் தண்ணீர் ஸ்பிரே பாட்டிலும் ஒரு துணியும் எப்போதும் இருக்கட்டும்.

இனி காலையில் துடைப்பவர் விஷயம். அபார்ட்மென்ட்டில் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் பத்துப் பதினைந்து கார் துடைக்கிறார் அந்த அண்ணன். மாதம் சில நூறு ரூபாய்க்கு அதற்கு மேல் அவரிடம் நேரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆனால் தூசியின் மேல் அந்தத் துணி ஓடும்போது வாக்ஸ் தினமும் கொஞ்சம் தேய்கிறது, கூடவே வெயிலில் பார்த்தால் தெரிகிற சிலந்திவலைக் கோடுகளும் விழுகின்றன. என்னைக் கேட்டால், அவரிடம் உள்ளே பெருக்குவது, கண்ணாடி துடைப்பது, சக்கரம் கழுவுவது மட்டும் கேளுங்கள், பணத்தைக் குறைக்காதீர்கள். பெயின்ட்டைத் தொட வேண்டாம், வாரம் ஒருமுறை நான் கழுவிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். "தூசியா இருக்கே சார்" என்பார். இருக்கட்டும். தூசி உட்கார்ந்திருப்பதால் பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, அதைக் காய்ந்தபடி தேய்ப்பதால்தான் ஆகிறது. இதை மாற்ற முடியாது என்றால் உங்கள் காருக்கென்று தனியாக இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். விலை அதிகமான வாக்ஸ் வாங்குவதற்கு முன் இந்த ஒன்றைச் சரி செய்தாலே வாக்ஸின் ஆயுள் கூடுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

வாக்ஸ் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, கார் கழுவிய பிறகு மட்டும் சோதியுங்கள். அழுக்குக் காரில் தண்ணீர் முத்தாக நிற்காது, அதை வைத்து வாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. நன்றாகக் கழுவி அலசி, மெல்ல ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். இறுக்கமான சின்ன முத்துகளாக உருண்டு ஓடினால் இருக்கிறது. சப்பையாகப் பரந்து, மெதுவாக நகர்ந்தால் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஊற்றிய இடத்திலேயே படுத்துக்கொண்டால் மறுபடி பூசுகிற நேரம் வந்துவிட்டது. பானெட்டும் ரூஃபும் எப்போதும் முதலில் போகும், கதவுகள் இன்னும் ஒரு மாதம் தாங்கும், ஆகவே அந்த இரண்டுக்கு மட்டும் இடையில் ஒருமுறை பூசிவிட்டால் முழுக் காரையும் செய்யத் தேவையில்லை.

சில கார்களுக்கு விதிவிலக்கு உண்டு. பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் காருக்கு வாக்ஸ் கூடவே கூடாது, திட்டுத் திட்டாகப் பளபளக்க ஆரம்பித்துவிடும், அதற்கென்று தனிச் சரக்கு இருக்கிறது. இடித்து டிங்கரிங் பார்த்துப் புதிதாகப் பெயின்ட் அடித்த கதவுக்கு உடனே பூசாதீர்கள். கம்பெனியில் பெயின்ட்டை 140 டிகிரி வாக்கில் சுட்டு எடுப்பதால் புதுக் காருக்கு வாங்கிய அன்றே வாக்ஸ் போடலாம். ஒர்க்‌ஷாப் பெயின்ட் அந்தச் சூட்டைப் பார்ப்பதில்லை, உள்ளிருக்கிற தின்னர் வெளியேற வாரக்கணக்காகும். பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் விடச் சொல்வார்கள், அடித்த பெயின்ட்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். செராமிக் கோட்டிங் ஏற்கெனவே போட்ட காரில் வாக்ஸ் தேவையில்லை. பி.பி.எஃப் என்கிற பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அந்த ஃபிலிமுக்கு என்ன போடலாம் என்று ஒட்டியவரிடம் கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

பயன்படுத்திய துணிகளைத் தனியாக, சாதாரண லிக்விட் டிடர்ஜென்ட்டில் துவையுங்கள், துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம், அது இழைகளில் பூசிக்கொண்டு துணி உறிஞ்சுவதையே நிறுத்திவிடும். வாக்ஸ் டப்பாவை மூடி இறுக்கி வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். டிக்கியில் போட்டுவைத்தால் ஒரே கோடையில் இளகி, கரைப்பான் ஆவியாகி, விளிம்பில் வெடித்துப்போன கட்டியாகத்தான் திரும்பக் கிடைக்கும்.